பேசும் இயந்திரமும் பெயர் சொல்லும் சிறுவர்களும்: மேட் ஃபீலனின் ‘ஸ்நோ ஒயிட்’



வாய்மொழிக் கதைகளைப் பற்றி ஆண்டுக்கு ஒரு பொழிவு என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இம்முறை ஒரு படக்கதை நூலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்; மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

நான் பேசப்போகும் நூல் அமெரிக்க ஓவியர் மேட் ஃபீலன் எழுதி வரைந்து 2016-இல் வெளிவந்த ‘ஸ்நோ ஒயிட்’ என்னும் கிராஃபிக் நாவல். நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த பழைய ஜெர்மானியக் கதைதான். ஃபீலன் அதை 1920-களின் நியூயார்க் நகரத்துக்குக் கொண்டுபோகிறார். அரண்மனை கிடையாது, காடு கிடையாது, குள்ளர்களும் கிடையாது. பல பக்கங்களில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஒரு கதையைப் படத்தில் மறுபடி சொல்லும்போது, உடையும் ஊரும் மாறுவதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடக்கிறது: யாருக்குப் பேச்சு கிடைக்கிறது, யார் வாயடைக்கப்படுகிறார் என்பது மாறுகிறது. ஃபீலனின் நூலை நான் பெரிதாக மதிப்பதற்கு அதுவே காரணம்.

முதலில் மூலக் கதையைப் பார்த்துவிடுவோம். யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் சகோதரர்களின் தொகுப்பு 1812-இல் முதன்முதலாக வந்தது. அதில் ஸ்நோ ஒயிட் 53-ஆவது கதை. அந்த முதல் பதிப்பில் மகளைக் கொல்லத் துடிப்பவள் மாற்றாந்தாய் இல்லை, பெற்ற தாய். 1819-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில்தான் பெற்றவளைப் பிரசவத்தில் சாகவிட்டு, அவளிடத்தில் இன்னொருத்தியை உட்கார வைத்தார்கள். தாய்மையின் புனிதத்தைக் காப்பாற்ற நினைத்த ஒரு காலம் கதையில் கை வைத்த இடம் அது. ‘பழைய கதை, அப்படியே விட்டுவிடுங்கள்’ என்று மறுகூறல்களைக் கண்டிப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் திருத்தத்தைத்தான். தொகுத்தவர்களே ஏழு ஆண்டுகளுக்குள் மாற்றிய கதை இது. அதன்பின்னும் 1857-இல் வந்த ஏழாம் பதிப்புவரை வில்ஹெல்ம் அந்தத் தொகுப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

கிரிம் கதையில் அந்தச் சிறுமிக்கு ஏழு வயது. அரசி கேட்பது அவளுடைய நுரையீரலையும் ஈரலையும். வேடன் ஒரு காட்டுப்பன்றிக் குட்டியின் உறுப்புகளைக் கொண்டுவந்து கொடுக்கிறான். அரசி அவற்றை உப்பிட்டு வேகவைக்கச் சொல்லித் தின்கிறாள். கொலை முயற்சி மூன்று முறை நடக்கிறது: இறுக்கிக் கட்டும் கச்சு நாடா, நச்சுச் சீப்பு, கடைசியில் ஆப்பிள். குள்ளர்களுக்குப் பெயர் இல்லை. இளவரசனின் முத்தமும் இல்லை. அவளைக் கிடத்திய கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து போகிறவர்கள் தடுக்கி விழப்போக, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. முத்தத்தை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது 1937-இல் வந்த வால்ட் டிஸ்னியின் படம். குள்ளர்களுக்கு நாம் அறிந்த பெயர்களை வைத்ததும் அந்தப் படந்தான்.

1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் படங்களே கிடையாது. ஆய்வுக் குறிப்புகள் இருந்தன. 1823-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு ஜார்ஜ் குரூக்ஷாங்கின் சித்திரங்களோடு வந்து நன்றாக விற்றது. அதைப் பார்த்த பிறகுதான் கிரிம் சகோதரர்கள் ஐம்பது கதைகளைத் தேர்ந்தெடுத்து, தம்பி லுத்விக் எமீலின் படங்களோடு 1825-இல் ஒரு சிறு பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அறிஞர்களின் அலமாரியில் இருந்த தொகுப்பு குழந்தைகளின் மடிக்கு வந்ததில் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கதையில் பார்ப்பதும் பார்க்கப்படுவதுமே எல்லாம். தொடக்கத்தில் ஒரு சாளரம், அதன் அருகில் தைத்துக்கொண்டிருக்கும் அரசி. நடுவில் ஒரு சுவர்க் கண்ணாடி. முடிவில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு பெண், எந்தப் பக்கம் நின்றாலும் தெரிகிறாள். சிறுமியின் பண்புகளைப் பற்றிக் கதை அதிகம் சொல்வதில்லை. அவள் எப்படித் தோன்றுகிறாள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. வாய்மொழியாகக் கேட்பவருக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு, அவர் எதையும் நேரில் பார்ப்பதில்லை. படக்கதை வாசகருக்கு அது இல்லை. பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அவரும் அந்தச் சிறுமியைப் பார்க்கிறார், எடைபோடுகிறார். ஆகவே இந்தக் கதையை வரைய வருகிற எந்த ஓவியருக்கும் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது: வாசகரின் கண்ணை எங்கே நிறுத்துவது?

கண்ணாடியின் குரல் யாருடையது என்று கேட்டவர்கள் சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் கூபரும். 1979-இல் வெளிவந்த அவர்களுடைய பெண்ணிய விமர்சன நூல் இந்தக் கதையைப் பற்றி முக்கியமான ஒரு வாசிப்பைத் தந்தது. அரசன் கதையில் ஏறக்குறையக் காணவே காணோம்; ஆனால் எந்தப் பெண் அழகு, எந்தப் பெண் அடுத்தபடி என்று தீர்ப்புச் சொல்லும் குரல் ஒன்று சுவரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் குரல் காணாமற்போன ஆணின் குரல் என்றார்கள் அவர்கள். டிஸ்னி படத்தில் கண்ணாடிக்குள் ஓர் ஆண் முகமூடி தோன்றி ஆண் குரலில் பேசும். அதை நினைத்துக்கொண்டு ஃபீலனிடம் வாருங்கள்.

ஃபீலனின் சிறுமி பெயர் சமாந்தா ஒயிட். தந்தை வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தையின் அரசன் என்று பெயர் எடுத்தவர். நூலின் தொடக்கத்தில், சென்ட்ரல் பூங்காவின் பனியில் தாயும் மகளும் விளையாடுகிறார்கள். தாய் இருமுகிறாள். வெள்ளைப் பனியில் சிவப்பாக ஒரு துளி. கிரிம் கதையில் ஊசி குத்தி விழுந்த மூன்று துளி இரத்தம் இங்கே காசநோயின் இரத்தமாக விழுகிறது. விளக்கம் ஒரு வரிகூட இல்லை. பழைய கதையில் பிறக்கப்போகும் மகளுக்கான ஆசையாக இருந்தது, இங்கே தாயின் மரண அறிவிப்பாகிவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்தைப் பார்த்ததுமே, தேர்ந்த கை ஒன்று வேலை செய்கிறது என்பது தெரிந்துவிட்டது.

மாற்றாந்தாயாக வருபவள் பிராட்வேயின் ஃபாலிஸ் ஆட்டக் காட்சிகளின் நட்சத்திரம். ஃப்ளாரன்ஸ் சீக்ஃபெல்டு 1907-இல் தொடங்கிய அந்தக் காட்சிகள் அழகிய பெண்களை வரிசையாக மேடையேற்றிப் புகழ்பெற்றவை. அழகே பிழைப்பாக இருக்கிற ஒரு தொழில். வயது கூடக்கூட வாய்ப்புக் குறையும் தொழில். ஃபீலன் இதை வாதமாக எழுதவில்லை. ஆனாலும் கண்ணாடியின் முன் ஒரு பெண் ஏன் நடுங்க வேண்டும் என்பதற்குப் பழைய கதை தராத உலகியல் காரணம் ஒன்று இங்கே தானாக வந்து சேர்கிறது.

இனி அந்தக் கண்ணாடி. ஃபீலனின் நூலில் அந்த இடத்தில் இருப்பது பங்கு விலைகளை நீளக் காகித நாடாவில் அச்சடித்துத் தள்ளும் டிக்கர் இயந்திரம். 1867-இல் நியூயார்க்கில் புழக்கத்துக்கு வந்த கருவி இது. கண்ணாடிக் குமிழுக்குள் பித்தளைச் சக்கரங்கள் சுற்ற, ஓயாமல் டிக் டிக் என்று ஓசை எழுப்பும். பெயர் வந்தது அதனால்தான். 1929 அக்டோபர் 29 அன்று நியூயார்க் சந்தையில் ஏறத்தாழ 1 கோடியே 64 லட்சம் பங்குகள் கைமாறின. இயந்திரம் ஈடுகொடுக்க முடியாமல் மணிக்கணக்கில் பின்தங்கியது. தாங்கள் அழிந்துபோன செய்தியே பலருக்கு மாலையில்தான் நாடாவில் வந்து சேர்ந்தது. மனிதர்களின் விதியை அச்சடிக்கும் இயந்திரம் என்று இதைச் சொன்னால் அது மிகை ஆகாது.

அந்த இயந்திரம் ஃபீலனின் கதையில் மாற்றாந்தாயிடம் பேசத் தொடங்குகிறது. விலைகள் வர வேண்டிய நாடாவில் வேறு சொற்கள் வருகின்றன: உன்னைவிட அழகானவள் ஒருத்தி இருக்கிறாள், கொல். பக்கம் பக்கமாக மௌனமாக நகரும் ஒரு நூலில் அச்செழுத்தில் வந்து அதிகாரம் செய்வது பணத்தின் இயந்திரம். கில்பர்ட்டும் கூபரும் காணாமற்போன ஆணின் குரல் என்றார்களே, அதை நினைத்துப் பாருங்கள். இது கணவனின் தொழிற்கருவி. சந்தை சரிந்தபோது தப்பித்தவர், பிறகு திடீரென்று மர்மமாக இறந்துபோகிறார். ஆள் போன பின்னும் அவருடைய இயந்திரம் பேசுகிறது. அந்த இரு விமர்சகர்களின் நூலை ஃபீலன் படித்திருந்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. விமர்சகர்கள் பல பக்கங்களில் விரித்ததை ஓவியர் ஒரு பொருளை மாற்றி வைத்துக் காட்டிவிட்டார்.

இந்த மௌனத்துக்கு ஒரு மரபு உண்டு. பெல்ஜியத்தின் ஃபிரான்ஸ் மசரீல் முதல் உலகப்போர் முடியும் காலத்தில் சொல்லே இல்லாத மரச்செதுக்கு நாவல்களை உருவாக்கினார். அமெரிக்காவில் அந்த வழியில் வந்த லிண்ட் வார்டின் ‘காட்ஸ் மேன்’ 139 மரச்செதுக்குப் படங்களால் ஆனது. அது வெளியானது 1929 அக்டோபரில், சந்தை சரிந்த அதே வாரத்தில். சொல்லற்ற நாவலும் பொருளாதாரப் பேரழிவும் அமெரிக்காவில் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது வரலாற்றின் தற்செயல்தான். ஆனாலும் ஃபீலனின் நூலைக் கையில் வைத்திருக்கும்போது இதை என்னால் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. மௌனப் படங்களின் மேதை பஸ்டர் கீட்டனின் இளமைக் காலத்தை வைத்து ஃபீலன் 2013-இல் ‘பிளஃப்டன்’ என்ற நூலையும் செய்திருக்கிறார். ஸ்பெயினின் பாப்லோ பெர்கர் 2012-இல் இயக்கிய ‘பிளாங்கநீவ்ஸ்’ என்ற திரைப்படமும் ஸ்நோ ஒயிட் கதையை 1920-களில் வைத்துச் சொல்லும் மௌனப் படம். களம் செவில் நகரத்தின் காளைப் போர். இரண்டு கலைஞர்கள், நான்கு ஆண்டு இடைவெளியில், ஒரே கதையின் பேச்சை எடுத்துவிடத் துணிந்திருக்கிறார்கள்.

ஏன் இந்தத் துணிவு பலிக்கிறது? சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் லூத்தி 1947-இல் ஐரோப்பிய நாட்டார் கதையின் வடிவத்தைப் பற்றி எழுதிய நூலில், இந்தக் கதைமாந்தர்களுக்கு ஆழம் கிடையாது என்றார். அவர்களுக்கு மனக் குமுறல் இல்லை, நினைவுச் சுமை இல்லை. வலி வந்தாலும் விவரிக்கப்படுவதில்லை. அதைக் குறையாக அவர் சொல்லவில்லை. அந்தத் தட்டைத்தன்மையே இந்த வடிவத்தின் அழகு என்றார். நாவலாக விரித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: பாத்திரத்துக்கு உளவியல் கொடுக்கிறார்கள், பின்கதை கொடுக்கிறார்கள், கதை கனத்துப்போய்விடுகிறது. படக்கதைக்கு வேறு வழி இருக்கிறது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்று இடத்தில் வாசகரே நிகழ்ச்சியைப் பூர்த்தி செய்கிறார் என்பதை ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில் படக்கதையாகவே வரைந்து விளக்கினார். ஃபீலன் பாத்திரங்களின் மனத்தைத் திறந்து காட்டுவதில்லை. கலங்கிய நீர்வண்ணத்தில், பழுப்பிலும் சாம்பலிலும், முகங்களைச் சில கோடுகளோடு நிறுத்திவிடுகிறார். இரத்தம், ஆப்பிள் போன்றவற்றுக்கு மட்டும் சிவப்பு. ஆழம் வாசகரிடம் ஊறுகிறது.

கதையின் நடுப்பகுதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வேடன் இங்கே ஹண்ட் என்ற கூலியாள். கொல்ல மனம் வராமல் அவளை விட்டுவிடுகிறான். அவள் ஓடிச் சேர்வது வறியவர்களின் தகரக் கொட்டகைகள் நிறைந்த இடம். அப்படி ஒரு குடியிருப்பு 1930-களின் தொடக்கத்தில் சென்ட்ரல் பூங்காவுக்குள்ளேயே, நீர் வடித்துவிட்ட பழைய நீர்த்தேக்கத்தில் உண்மையாகவே இருந்தது. அன்றைய குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவரின் பெயரால் மக்கள் அதை ஹூவர்வில் என்று அழைத்தார்கள். நியூயார்க்கின் காடு அதுதான்.

அங்கே அவளைக் காப்பாற்றுகிறவர்கள் ஏழு தெருச் சிறுவர்கள். வீடற்றவர்கள், பெற்றோர் அற்றவர்கள், யாரையும் நம்பாதவர்கள். பெயர் கேட்டால் சொல்ல மாட்டார்கள். தெருவில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பெயர் என்பது போலீஸ்காரர் கேட்பது, அநாதை விடுதிக்காரர் எழுதிக்கொள்வது. அதைக் கொடுத்துவிட்டால் பிடிபட்டுவிடலாம். ஆகவே கதை முழுக்க அவர்கள் வெறும் எழுவர். டிஸ்னி வேடிக்கைக்காகப் பெயர் வைத்த இடத்தில், ஃபீலன் பெயரை ஒரு சொத்தாக்கிப் பூட்டி வைக்கிறார். ஆப்பிளைத் தின்று அவள் அசைவற்றுக் கிடக்கும்போது, அவளைப் பெரிய கடை ஒன்றின் கிறிஸ்துமஸ் அலங்காரச் சாளரத்தில் கிடத்துகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு நியூயார்க் தரும் விடை அது. உயிரற்றுக் கிடக்கும் அவளிடம் அந்தச் சிறுவர்கள் ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்கிறார்கள்.

நண்பர்களே, நான் நெடுநேரம் இங்கே நின்றுவிட்டேன். பக்கங்கள் பலவும் பேசாமலே நகர்ந்த நூல் இது. அதில் இயந்திரம் கொல் என்று அச்சடிக்கச் செலவிட்ட சொற்கள் ஒருபுறம். கேட்க இயலாத ஒருத்திக்குச் சிறுவர்கள் தங்களிடம் இருந்த ஒரே சொத்தைக் கொடுத்த சொற்கள் இன்னொருபுறம். இரண்டும் ஒரே நூலுக்குள் எதிரெதிரே நிற்கின்றன. நிறையப் பேசுகிற ஒரு நூலில் இந்தப் பெயர்கள் ஒரு வரியாகக் கடந்து போயிருக்கும்.

பிறகு பிரின்ஸ் என்ற பெயருடைய காவல்துறைத் துப்பறிவாளர் வருகிறார், அவள் விழிக்கிறாள், கடைசிப் பக்கங்களில் முழு வண்ணம் பரவுகிறது. மாற்றாந்தாயின் முடிவை, படிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

எனக்கு நிறைவு தராத இடங்களும் உண்டு. ஃபீலன் 2009-இல் செய்த ‘தி ஸ்டார்ம் இன் தி பார்ன்’ 1937-ஆம் ஆண்டின் கான்சாஸ் புழுதிப் பஞ்சத்தைப் பற்றியது. அதில் ஊரே பஞ்சத்தால் நலிவதைப் பார்க்கிறோம். ‘ஸ்நோ ஒயிட்’ அந்த அளவுக்கு விரிவதில்லை. தகரக் கொட்டகைவாசிகள் பின்னணியாகவே நின்றுவிடுகிறார்கள். ஏழு சிறுவர்களுக்கு விடிவு வருகிறது. அவர்களை அடுத்த கொட்டகையில் இருந்தவர்களைப் பற்றி நூலுக்குக் கவலை இல்லை. நாட்டார் கதை அப்படித்தான், நாயகிக்கு நல்லது நடந்தால் முடிந்துவிடும் என்று பதில் சொல்லலாம். ஆனால் உண்மையான ஒரு பஞ்ச காலத்தைக் களமாகத் தேர்ந்தெடுத்துவிட்ட பிறகு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சமாந்தாவும் பழைய ஸ்நோ ஒயிட்டைப் போலவே பிறரால் காப்பாற்றப்படுகிறவளாக இருக்கிறாள். அவள் விழித்த பிறகு என்ன பேசுவாள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

பேச்சை வேறுவிதமாகப் பங்கிட்ட ஒரு நூலையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வளர்ந்த வியட்நாமிய ஓவியர் டிரங் லே நுயென் 2020-இல் வெளியிட்ட ‘தி மேஜிக் ஃபிஷ்’. அகதியாக வந்த ஒரு தாயும் அமெரிக்காவில் வளரும் மகனும் நூலகத்திலிருந்து எடுத்துவந்த தேவதைக் கதைகளைச் சேர்ந்து படிக்கிறார்கள். ஆண்களையே விரும்புகிற தன் இயல்பைத் தாயிடம் சொல்ல மகனுக்கு வழி தெரியவில்லை. ஊரை விட்டு வந்த துயரைச் சொல்லத் தாய்க்கும் வழி தெரியவில்லை. நிகழ்காலத்துக்குச் சிவப்பு, கடந்த காலத்துக்கு மஞ்சள், கதைகளுக்கு நீலம் என்று மூன்று வண்ணங்கள். வியட்நாமின் தாம் காம் கதையும் ஆண்டர்சனின் கடற்கன்னி கதையும் இதில் வருகின்றன. முடிவில் தாய் கடற்கன்னியின் கதையை மகனுக்காக மாற்றிச் சொல்கிறாள். அவளுடைய பதில் முழுவதும் அந்த மாற்றத்தில் இருக்கிறது. ஃபீலன் கதையிலிருந்து பேச்சை எடுத்தார் என்றால், நுயென் பேச முடியாத இருவருக்குக் கதையையே பேச்சாகக் கொடுத்தார்.

நம் பக்கத்துக்கும் இந்த வரலாற்றில் ஓர் இழை உண்டு. அமெரிக்காவின் ‘கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் ஜூனியர்’ வரிசை 1953-இல் தொடங்கியபோது அதன் முதல் இதழே ஸ்நோ ஒயிட். 1960-களில் அமர் சித்திரக் கதை தொடங்கியபோது அதன் முதல் பத்து இதழ்கள் இப்படிப்பட்ட மேலைத் தேவதைக் கதைகளின் கன்னட வடிவங்களே. பதினோராவது எண்ணில்தான் அனந்த் பையின் கிருஷ்ணன் வந்தார். அந்த வரிசைகள் எனக்குப் பிரியமானவை. ஆனால் அவற்றில் ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஒரு விளக்க வாசகம் உட்கார்ந்திருக்கும். படம் ஏற்கெனவே சொன்னதையே அது மறுபடி சொல்லும்.

இந்த அவையில் ஓவியக் கல்லூரி மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் கதைகள் கையருகே இருக்கின்றன. அவற்றில் ஒன்றை இருநூறு பக்கப் படக்கதையாக வரைய யாராவது முன்வர வேண்டும் என்பது என் விருப்பம். வேலை தொடங்கியதும் ஒரு சிக்கல் எதிரே வரும். நம் ஊரில் கதை சொல்கிறவருக்கு எதிரே ‘உம்’ கொட்ட ஒருவர் வேண்டும். ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். ஃபீலனின் ஜெர்மானியக் கதைக்கு அந்தக் கடமை இல்லை. நம் கதைக்கு உண்டு. அந்த ‘உம்’ கொட்டுகிறவரைக் கட்டத்துக்குள் வரையப்போகிறீர்களா, கட்டங்களுக்கு நடுவே விட்ட இடத்தில் வாசகரிடமே ஒப்படைக்கப்போகிறீர்களா என்பதை முதல் பக்கம் வரையும் முன்பே நீங்கள் தீர்மானித்தாக வேண்டும். கேள்விகள் இருந்தால் இப்போது பேசலாம்.